பிள்ளையைப் படித்தவரே ஆசிரியர்



ஒக்டோபர் ஆறாம் நாள் எமது நாட்டிலே ஆசிரியர் தினம். அன்று காலை பிள்ளைகள் பூமாலையும் வாழ்த்து மடலும் கையுமாகப் பாடசாலைக்குச் செல்லுகிறார்கள். மேடையிலே ஆசிரியரை ஏணி என்கிறோம், மெழுகுதிரி என்கிறோம். பேச்சு முடிந்து மாலையும் வாடிய பின், நல்ல ஆசிரியர் யார் என்ற கேள்விக்கு எமது வீடுகளில் வேறொரு விடை வழங்குகிறது. புலமைப்பரிசில் பரீட்சையில் அவருடைய வகுப்பில் எத்தனை பேர் வெட்டுப்புள்ளியைத் தாண்டினார்கள்? சாதாரண தரப் பரீட்சையில் எத்தனை பேருக்கு ஒன்பது பாடங்களிலும் ‘ஏ’ கிடைத்தது? அந்தக் கணக்கு நன்றாயிருந்தால் ஆசிரியரும் நல்லவர். கணக்குக் குறைந்தால் மறுவருடமே பிள்ளையை வேறு ஆசிரியரிடம் மாற்ற அலைகிறோம்.

இந்தக் கணக்கு வேண்டாமென்று சொல்ல நான் வரவில்லை. கல்வியையே முதலாக நம்பி வாழ்ந்து வந்த சமூகம் நாம். வீட்டையும் காணியையும் விட்டு ஓடிய நாட்களிலும் பிள்ளையின் புத்தகப் பையை மறவாமல் தூக்கிக்கொண்டு ஓடிய பெற்றோர் எம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆசையைக் குறை கூற யாருக்கு மனம் வரும்? ஆனால் இந்தக் கணக்கிலே வராத ஒரு பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறது. அது கடைசி வாங்கில் இருக்கிறது. ஆசிரியர் கேள்வி கேட்கும்போது முன்னுக்கு இருப்பவனின் முதுகுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொள்ளுகிறது. ஐந்தாம் ஆண்டுக்கு வந்தும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறது. அந்தப் பிள்ளையை வகுப்பும் வீடும் ஒரே சொல்லால் அழைக்கின்றன: ‘மொக்கு’.

முதல் வாங்கில் இருக்கும் பிள்ளை யார் படிப்பித்தாலும் ஓரளவு படித்துக்கொள்ளும். நல்ல ஆசிரியர் யார் என்பது தெரிய வரும் இடம் அந்தக் கடைசி வாங்குதான். ஆகவே இவ்வாரம் அந்த இடத்தில் நின்று இக்கேள்வியைச் சற்றுச் சிந்திப்போம்.

எமது முன்னோர் கண்ட ஆசிரியர்

தமிழ் இலக்கணம் கற்றவர்கள் நன்னூலை அறிவார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நூல் அது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அதற்குக் காண்டிகையுரை எழுதியதும் நாம் அறிந்ததே. எழுத்தையும் சொல்லையும் பற்றிப் பேசத் தொடங்குமுன்னர், ஆசிரியர் எப்படி இருக்கவேண்டும், எப்படி இருக்கலாகாது என்று அந்நூல் பாயிரத்திலேயே சொல்லிவிடுகிறது.

ஆசிரியராகத் தகாதவருக்கு அது காட்டும் உவமைகள் நான்கு. முதலாவது, கழற்சிக்காய் நிரப்பிய குடம். போட்ட ஒழுங்கு ஒன்று, கொட்டும்போது வருவது வேறொன்று. முறையின்றிக் கற்பிப்பவர் அப்படிப்பட்டவர். இரண்டாவது, மடல் சூழ்ந்த பனை. கருக்கு மட்டை நிறைந்த பனையில் ஏறிக் காய் பறிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது தானாக விழுத்தினால் உண்டு, இல்லையேல் இல்லை. கேள்வியோடு கிட்ட வரும் பிள்ளையைக் கீறி அனுப்புகிற ஆசிரியர் அந்தப் பனை. மூன்றாவது, பஞ்சு அடைத்த குடுக்கை. அடைத்ததும் வருத்தப்பட்டு, எடுப்பதும் வருத்தப்பட்டு. அறிவு நிறைய உண்டு, ஆனால் பிறருக்கு எளிதாக எடுத்துக் கொடுக்க வராது.

நான்காவது உவமை முடத்தென்னை. ஒருவருடைய வளவில் நிற்கிறது, அவர் ஊற்றிய தண்ணீரில் வளருகிறது. ஆனால் வேலிக்கு அப்பால் வளைந்து, அயலவன் முற்றத்தில் காய்களைப் போடுகிறது. இதை வாசிக்கும்போது எமது நாளில் நடக்கும் ஒரு காரியம் நினைவுக்கு வராமல் இராது. காலையில் வகுப்பறையில் அரைகுறையாக விடப்பட்ட பாடம் மாலையில் ரியூசன் கொட்டிலில் முழுமையாக நடக்குமானால், காசு கட்ட இயலாத மீனவரின் பிள்ளையும் கூலித் தொழிலாளியின் பிள்ளையும் என்ன செய்வார்கள்? ஆசிரியர்களின் சம்பளம் குடும்பம் நடத்தப் போதாதென்பது உண்மை. 2021ஆம் ஆண்டில் நாடெங்கும் ஆசிரியர்கள் மாதக்கணக்காகப் பணிப்பகிஷ்கரிப்புச் செய்ததும், 2022இன் பொருளாதார நெருக்கடியில் பாடசாலைக்குப் போக வாகனமின்றித் தவித்ததும் மறக்கக்கூடியவையல்ல. மாலையில் உழைத்துச் சம்பாதிப்பது பாவமன்று. காலையில் கொடுக்கவேண்டியதை மாலைக்கென்று ஒளித்து வைப்பதே அநீதி.

நல்லாசிரியருக்கு அதே நூல் நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமை சொல்லுகிறது. நிலத்தைப்போலப் பொறுமை, மலையைப்போல அசையாத அறிவு, துலாக்கோலைப்போல ஓரம் சாராமை, மலரைப்போல மலர்ந்த முகம். கவனித்துப் பாருங்கள். மலை ஒன்றே பெரும்பாலும் அவருடைய கல்வியைக் குறிக்கிறது. மற்றவை அவர் தம்மிடம் வருபவனோடு எப்படி நடந்துகொள்ளுகிறார் என்பதைக் குறிக்கின்றன. கற்றவர் எல்லோரும் ஆசிரியராகிவிட முடியாது. தாம் கற்ற பாடத்தோடு தமக்கு முன்னால் இருக்கும் பிள்ளையையும் படிக்க அறிந்தவரே ஆசிரியர். இவ்வாரம் நான் சொல்ல விரும்புவது இதுவே.

அடிவாங்கிய மாணவன், அன்பு கண்ட மாணவன்

திருச்சபையின் மாபெரும் மறைவல்லுநர் புனித அகுஸ்தினார். ஆபிரிக்காவில் தகாஸ்தே என்னும் ஊரில் 354ஆம் ஆண்டு பிறந்த இவர், தமது வாழ்வைக் கடவுளுக்கு முன் அறிக்கையிட்டு எழுதிய நூலில் பள்ளிக்கூட நாட்களைக் கசப்போடு நினைவுகூருகிறார். சிறுவனாயிருந்தபோது அவர் உருக்கமாகச் செய்த செபம் என்ன தெரியுமா? பள்ளிக்கூடத்தில் அடி விழக்கூடாதென்பதே. அடி விழுந்தது. பெற்றோர் உட்பட, பெரியவர்கள் அதைக் கண்டு சிரித்தார்கள். இலத்தீன் மொழியை வீட்டிலே பராமரித்தவர்களின் சிரிப்புக்கும் விளையாட்டுக்கும் நடுவில் தாம் இலகுவாகக் கற்றுக்கொண்டதையும், கிரேக்க மொழியைத் தண்டனைக்குப் பயந்து கற்கவேண்டியிருந்ததால் அதை வெறுத்ததையும் அவரே சொல்லுகிறார். அப்படிப்பட்ட மேதை வாழ்நாள் முழுவதும் கிரேக்கத்தில் போதிய தேர்ச்சி பெறவில்லை. பிரம்பு எதைக் கற்பித்தது, எதைக் கெடுத்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

அதே அகுஸ்தினார் வளர்ந்து, தாமே ஆசிரியராகி, உண்மையைத் தேடி அலைந்து, 384ஆம் ஆண்டில் மிலான் நகருக்கு வந்தார். அங்கே ஆயர் புனித அம்புரோஸ் இருந்தார். அவரைத் தாம் நேசிக்கத் தொடங்கிய விதத்தை அகுஸ்தினார் மறைக்கவில்லை. உண்மையைப் போதிப்பவர் என்பதற்காக அல்ல, அந்நியனாக வந்த தம்மைத் தந்தையைப்போல் ஏற்றுப் பரிவுகாட்டினார் என்பதற்காகவே முதலில் அவரை நேசித்தாராம். போதனை காதில் ஏறியது பின்னர்தான். தாய் மோனிக்கம்மாளின் கண்ணீரைப் பற்றி நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். அந்தக் கண்ணீரோடு அம்புரோசின் பரிவையும் சேர்த்தே கடவுள் பயன்படுத்தினார்.

ஆயரான பின், 400ஆம் ஆண்டளவில், அகுஸ்தினாருக்குக் கார்த்தேஜ் நகரிலிருந்து தெயோகிராசியாஸ் என்னும் தியாக்கோன் ஒருவர் தமது மனக்குறையைத் தெரிவித்தார். விசுவாசத்தை அறிய வருபவர்களை அவரிடமே அனுப்புவார்கள். நன்றாகப் படிப்பிப்பார் என்று அவருக்குப் பெயர் இருந்தது. ஆனால் அவருக்கோ தமது பேச்சே அலுத்துவிட்டது. நீட்டி நீட்டிப் பேசுகிறேன், எனக்கே சுவைக்கவில்லை, கேட்பவர்களுக்கு எப்படிச் சுவைக்கும் என்பது அவருடைய வருத்தம். எமது பங்குகளில் ஞாயிறு மறைக்கல்வி கற்பிக்கும் இளைஞரும் யுவதிகளும் இதே வார்த்தைகளைச் சொல்லுவதைக் கேட்டிருக்கிறோம் அல்லவா? ‘சுவாமி, பிள்ளைகள் கேட்கிறார்களில்லை. அடுத்த வருடம் என்னை விட்டுவிடுங்கோ.’

அகுஸ்தினார் ஒரு நூலையே பதிலாக எழுதி அனுப்பினார். அதிலே முதலில் அவரைத் தேற்றுகிறார். தமது பேச்சும் அநேகமாகத் தமக்குத் திருப்தி தருவதில்லை என்கிறார். மனதில் மின்னலாய்த் தோன்றுவது நாவுக்கு வரும்போது மெதுவாகிவிடுகிறது. பேசுபவருக்கு அது குறையாகத் தெரிகிறது, கேட்பவருக்கு அப்படித் தெரியவேண்டும் என்றில்லை.

பின்னர் அலுப்பின் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுகிறார். சிறு பிள்ளைகளுக்குரிய பாடத்தையே திரும்பத் திரும்பச் சொல்லுவது அலுக்கிறதா? எமது ஊரின் அழகிய இடங்களை நாம் தினமும் பார்த்தும் பாராமல் கடந்து போகிறோம். முன்னர் அவற்றைக் காணாத ஒருவருக்குக் காட்டும்போது, அவருடைய மகிழ்ச்சியில் எமது மகிழ்ச்சியும் புதிதாகிறது. கற்பிப்பதும் அப்படித்தான் என்கிறார். இதை நாமும் கண்டிருக்கிறோம். கனடாவிலிருந்து முதல்தடவை வந்த பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போகும் பாட்டனாரைப் பாருங்கள். எழுபது வருடம் பார்த்த அதே கடல்தான். பிள்ளை துள்ளிக் குதிக்கும்போது கிழவருக்கும் அது புதுக்கடல் ஆகிறது. அரிவரி வகுப்பிலே முப்பது வருடம் ‘அ’ எழுதிக் காட்டிய ரீச்சர் ஒருவர் முப்பத்தோராவது வருடமும் சிரித்த முகத்தோடு எழுதிக் காட்டுவதன் இரகசியம் இதுதான். அவர் எழுத்தைப் பார்ப்பதில்லை. அதை முதல்முறை காணும் பிள்ளையின் கண்ணைப் பார்க்கிறார்.

கேட்பவன் சோர்ந்துபோய் நிற்கிறானா என்று கவனி, அவனுக்கு இருக்க ஓர் ஆசனம் கொடு என்றும் அந்த மாபெரும் இறையியலாளர் அந்நூலில் எழுதுகிறார். வந்தவன் ஏன் வந்தான், அவன் மனதில் என்ன இருக்கிறது என்று முன்னதாக விசாரித்து அறி என்கிறார். எல்லோருக்கும் ஒரே அன்பு கொடுக்கவேண்டும், ஆனால் எல்லோருக்கும் ஒரே மருந்து கொடுக்கலாகாது என்பது அவருடைய புத்திமதி. பிள்ளையைப் படிப்பது என்று நான் சொல்லுவது இதைத்தான்.

உனக்கு என்ன தெரியும்?

இன்னொரு நிகழ்ச்சி. 1841ஆம் ஆண்டு மார்கழி எட்டாம் நாள், அமல உற்பவத் திருநாள். இத்தாலியின் தூரின் நகரில், புனித பிரான்சிஸ் அசிசியார் ஆலயத்தின் திருப்பண்ட அறையில், அவ்வருடம் குருப்பட்டம் பெற்ற இளம் குருவானவர் பூசைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். அவரே பின்னாளில் புனிதரான தொன் பொஸ்கோ. குளிருக்கு ஒதுங்கியோ என்னவோ உள்ளே வந்து நின்ற பர்த்தலோமேயு கரெல்லி என்னும் பதினாறு வயதுப் பையனைப் பார்த்துச் சங்கிலித்தார், பூசைக்கு உதவி செய் என்றார். எனக்குத் தெரியாது என்றான். தெரியாதவனுக்கு இங்கே என்ன வேலை என்று தூசி தட்டும் தடியால் அடித்துத் துரத்தினார்.

தொன் பொஸ்கோ அவனைத் திருப்பி அழைக்கச் சொன்னார். அவன் தமது நண்பன் என்றார். பூசை முடிந்தபின் அவனோடு இருந்து பேசினார். பெயர் என்ன, ஊர் எது, என்ன தொழில் என்று கேட்டார். கட்டட வேலை. தந்தை இருக்கிறாரா? இறந்துவிட்டார். தாய்? அவரும் இறந்துவிட்டார். வாசிக்கத் தெரியுமா? தெரியாது. எழுத? தெரியாது. பாடத் தெரியுமா? தெரியாது. சீழ்க்கை அடிக்கத் தெரியுமா என்று கேட்டபோது பையன் சிரித்துவிட்டான் என்று அவருடைய வரலாறு கூறுகிறது.

அந்தக் கேள்விகளை எண்ணிப் பாருங்கள். ‘தெரியாது’ என்ற பதில் வந்த இடத்திலே சங்கிலித்தார் தடியை எடுத்தார். ‘தெரியாது’ என்ற பதில் வந்த இடத்திலே தொன் பொஸ்கோ அடுத்த கேள்வியைக் கேட்டார். அந்தப் பையனுக்குத் தெரிந்த ஒன்றைக் கண்டுபிடிக்கும்வரை அவர் ஓயவில்லை. ஞானோபதேச வகுப்புக்கு ஏன் போவதில்லை என்று விசாரித்தபோது, தன்னிலும் சிறியவர்கள் தன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்றான் அவன். அவன் படியாததற்குக் காரணம் புத்திக் குறைவல்ல, வெட்கம். அதை அறிந்துகொள்ள ஆசிரியருக்குச் சில நிமிடங்களே தேவைப்பட்டன. உனக்குத் தனியாகப் படிப்பித்தால் வருவாயா? வருவேன். எப்போது தொடங்கலாம்? இப்போதே. சிலுவை அடையாளம் போடுவதிலிருந்து பாடம் தொடங்கியது. அடுத்த ஞாயிறு அவன் தோழர்களையும் கூட்டிவந்தான். உலகெங்கும் பரந்த சலேசிய சபையின் கல்விப்பணி தன் பிறப்பை அந்த நாளிலிருந்தே கணக்கிடுகிறது. பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுவதை அவர்கள் உணரவேண்டும் என்று 1884இல் உரோமையிலிருந்து தமது சபையினருக்கு எழுதிய கடிதத்தில் அவர் வற்புறுத்தினார்.

எமது மண்ணுக்கு விசுவாச ஒளியை மீண்டும் கொண்டுவந்த புனித யோசேவ் வாஸ் அடிகளாரையும் நினையுங்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்க குருக்களைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687ஆம் ஆண்டு, ஏழைத் தொழிலாளியின் கோலத்தில் அவர் யாழ்ப்பாணம் வந்தார். கோவாவைச் சேர்ந்த அவருக்குக் கொங்கணி தாய்மொழி. எம்மவருக்குப் போதிக்க எம்மவரின் தமிழைக் கற்றார். பின்னர் சிங்கள மக்களுக்குப் போதிக்க அவர்களுடைய மொழியையும் கற்றார். கற்பிக்க வந்தவர் முதலில் மாணவரானார். 2015ஆம் ஆண்டு தை மாதம் 14ஆம் நாள் கொழும்பிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தபோது, இந்தத் தாழ்ச்சியையும் திருச்சபை பீடத்தில் ஏற்றியது.

எம்மாவுஸ் வழியில் ஒரு வகுப்பு

ஆயினும் எமக்கு ஒரே போதகர் கிறிஸ்து நாதர். அவர் எப்படிப் படிப்பித்தார் என்பதைக் காண லூக்காஸ் எழுதிய நற்செய்தியின் கடைசி அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். உயிர்த்த ஞாயிறன்று சீடர் இருவர் யெருசலேமை விட்டு எம்மாவுஸ் என்னும் ஊருக்குப் போகிறார்கள். ஏறக்குறைய ஏழு மைல் தூரம். நம்பிக்கை முறிந்து போகிறார்கள். அவர்கள் போகும் திசையே பிழை. இருக்கவேண்டிய இடம் யெருசலேம்.

ஆண்டவர் என்ன செய்தார்? வழியை மறித்து நின்று திரும்புங்கள் என்று கட்டளையிடவில்லை. அவர்கள் போகும் திசையிலேயே அவர்களோடு கூட நடந்தார். எதைப் பற்றிப் பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்டார். எருசலேமில் நடந்தது அவருக்குத் தெரியாததா? அவருக்கே நடந்தது அது! ஆனாலும் அவர்களுடைய வாயால் முழுவதையும் சொல்லவிட்டு, பொறுமையோடு கேட்டார். அவர்கள் சொன்னதில் எது சரி, எது பிழை, எந்த இடத்தில் மனம் முறிந்தது என்பதெல்லாம் வெளிப்பட்டபின்னரே வாய் திறந்தார். கண்டிக்கவும் செய்தார். ஆனால் கேட்டபின்பு கண்டித்தார். அதன்பின் மோயீசன் தொடக்கம் தீர்க்கதரிசிகள்வரை எல்லாவற்றையும் விளக்கினார்.

ஊர் கிட்டியதும் தம்மைத் திணிக்காமல் அப்பால் போகிறவர்போலக் காட்டினார். அவர்களே வருந்தி அழைத்தார்கள். அப்பம் பிட்டபோது அவர்கள் கண் திறந்தது, அந்த நேரத்திலேயே அவர் மறைந்துபோனார். நல்ல ஆசிரியரின் கடைசிப் பாடம் இதுதான். பிள்ளைக்குக் கண் திறந்தபின் ஆசிரியர் வழியில் நிற்கத் தேவையில்லை. என்னால்தான் நீ ஆளானாய் என்று ஆயுள்முழுவதும் கணக்குக் காட்டத் தேவையில்லை. அந்தச் சீடர்கள் என்ன செய்தார்கள்? யாரும் திருப்பி அனுப்பாமலே அதே இரவில் யெருசலேமுக்குத் திரும்பி நடந்தார்கள். பிழையான திசையில் போனவர்களைக் கட்டளையிட்டுத் திருப்பினால் சில அடி தூரம் வருவார்கள். உள்ளம் எரியச் செய்தால் ஏழு மைலையும் இரவிலே தாமே நடப்பார்கள்.

அடியாத மாடு படியாதா?

இதை வாசிக்கும் பெரியவர்கள் சிலர் தலையை ஆட்டுவார்கள் என்று அறிவேன். ‘அந்தக் காலத்துச் சட்டம்பியார் பிரம்போடுதான் படிப்பித்தார். அடியாத மாடு படியாது. நாங்கள் அடிவாங்கிப் படித்து நல்லாய் வரவில்லையோ?’ என்பார்கள்.

உண்மை, நல்லாய் வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களே இன்று பேசுகிறார்கள். ஆனால் அதே வகுப்பில் அதே பிரம்புக்குப் பயந்து மூன்றாம் வகுப்போடு, ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவர்கள் எத்தனை பேர்? அவர்கள் மேடையில் ஏறி இதற்குச் சாட்சி சொல்ல வரவில்லை. கடலுக்கும் தோட்டத்துக்கும் போய், தங்களுக்குப் படிப்பு வராது என்று நம்பிக்கொண்டே வாழ்ந்து முடித்தார்கள். வாத்தியார் அடித்ததால் நாம் படித்தோம் என்பதைவிட, அடித்தும் எம்மை விட்டுவிடாமல் அந்த வாத்தியார் எம்மீது கொண்டிருந்த அக்கறையால் படித்தோம் என்பதே பெரும்பாலும் சரியாயிருக்கும். அந்த அக்கறையைப் பின்பற்றுவோம். பிரம்பை விட்டுவிடுவோம். பிள்ளைகளுக்கு உடல்ரீதியான தண்டனை வழங்கலாகாதென்று கல்வி அமைச்சு 2016ஆம் ஆண்டிலும் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. நாவினால் அடிப்பதைத் தடுக்க எந்தச் சுற்றறிக்கையாலும் இயலாது. ‘மொக்கு’ என்ற ஒரு சொல் பிரம்புத் தழும்பைவிட நீண்ட நாள் இருக்கும்.

அப்படியானால் கண்டிப்பே வேண்டாமா? வேண்டும். ஒழுங்கில்லாத வகுப்பில் முதலில் நட்டப்படுவது அந்தக் கடைசி வாங்குப் பிள்ளைதான். ஆனால் தொன் பொஸ்கோ கண்ட ஒழுங்கு, ஆசிரியர் விளையாட்டு முற்றத்திலும் பிள்ளைகள் நடுவே இருப்பதால் வரும் ஒழுங்கு. குற்றம் நடந்தபின் தடியோடு வருபவரைவிட, குற்றம் நடக்குமுன் பக்கத்தில் நிற்பவருக்கே வேலை அதிகம்.

நாற்பது பிள்ளைகள், நாற்பது நாட்கள்

ஆசிரியப் பெருமக்களே, உங்கள் சிரமம் எனக்கு விளங்காமலில்லை. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள். பாடத்திட்டமோ நீளம். பதிவேடு, அறிக்கை, கூட்டம் என்று வேறு வேலைகள். ஒவ்வொரு பிள்ளையையும் படிக்க நேரம் எங்கே என்று கேட்பீர்கள். ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை போதும். வகுப்பு முடிந்து போகும்போது ஒரு பிள்ளையோடு ஐந்து நிமிடம். வீட்டில் யார் இருக்கிறார்கள், இராத்திரி எங்கே இருந்து படிக்கிறாய், என்ன செய்ய விருப்பம்? நாற்பது பிள்ளைகளுக்கு நாற்பது பாடசாலை நாட்கள். ஒரு தவணைக்குள் வகுப்பு முழுவதையும் படித்துவிடலாம். அப்போது தெரியும், ஒரு பிள்ளைக்குக் கரும்பலகை கண்ணுக்குத் தெரிவதில்லை என்று. இன்னொரு பிள்ளை காலையில் சாப்பிடாமல் வருகிறது. வேறொன்றுக்குத் தகப்பன் வீட்டில் இல்லை. புத்திக் குறைவென்று நாம் எண்ணியது எத்தனை இடங்களில் பசியும் பயமும் வெட்கமும் என்று அன்று காண்பீர்கள்.

குருமடத்தில் எமக்கு இரவுதோறும் ஆன்ம சோதனை செய்யப் பழக்கினார்கள். ஆசிரியர்களுக்கும் அதை நான் சிபார்சு செய்கிறேன். படுக்கைக்குப் போகுமுன் ஒரே கேள்வி: இன்று எந்தப் பிள்ளையை நான் உண்மையாகப் பார்த்தேன்? எவரையும் பார்க்கவில்லையென்றால் பாடம் எவ்வளவு நன்றாக நடந்திருந்தாலும் நாளைக்கு ஒரு வேலை மீதியிருக்கிறது.

இதற்குக் கட்டடமும் கருவியும் இல்லாமற் போனாலும் தடையில்லை என்பதை எமது மக்களே காட்டினார்கள். 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபின் தென்மராட்சியிலும் வன்னியிலும் மரநிழலிலும் ஓலைக் கொட்டில்களிலும் வகுப்புகள் நடந்தன. மேசையில்லை, வாங்கில்லை, வெண்கட்டிக்கும் தட்டுப்பாடு. அங்கே படிப்பித்தவர்களும் இடம்பெயர்ந்தவர்களே. எந்தப் பிள்ளை யாரை இழந்தது என்று அறிந்துகொண்டே அவர்கள் பாடம் நடத்தினார்கள். அவர்களிடம் படித்தவர்கள் இன்று பல நாடுகளிலும் இருக்கிறார்கள். அந்த ஆசிரியர்களின் பெயர்களை மேடைகளில் நாம் போதிய அளவு சொல்லவில்லை.

1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் எமது திருச்சபை நடத்திவந்த உதவிபெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் கைக்குப் போயின. அதை இன்னும் இழப்பாகவே பேசிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ஆனால் ஒரு கத்தோலிக்க ஆசிரியர் அரசாங்கப் பாடசாலையின் வகுப்பறைக்குள் நுழைந்து, அங்கிருக்கும் சைவப் பிள்ளையையும் இஸ்லாமியப் பிள்ளையையும் தமது சொந்தப் பிள்ளையைப்போலப் படித்து அறிந்து, கைவிடாமல் நடத்துவாரானால், அங்கே கிறிஸ்து நாதரின் வகுப்பு நடக்கிறது. பெயர்ப்பலகையில் புனிதரின் பெயர் இருந்தும் அந்தப் பரிவு இல்லாவிடில் வெறும் பலகைதான் மிஞ்சும். இக்காலத்து மக்கள் போதகர்களைவிடச் சாட்சிகளுக்கே விருப்பத்தோடு செவிகொடுக்கிறார்கள் என்று பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1975ஆம் ஆண்டில் எழுதியதன் கருத்தும் இதுவே.

பெற்றோரே, பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் நீங்களே என்று 1965ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய தனது ஏட்டில் சொல்லியிருக்கிறது. அந்தப் பொறுப்பை ரியூசன் கட்டணத்தோடு வேறொருவரிடம் கொடுத்துவிட முடியாது. தேர்ச்சி அறிக்கை வீட்டுக்கு வரும் நாளில் எத்தனையாம் பிள்ளை என்று கேட்குமுன், இந்தத் தவணையில் உனக்கு எது விளங்கியது, எது விளங்கவில்லை என்று கேளுங்கள். அயல்வீட்டுப் பிள்ளையின் புள்ளியை இழுக்காதீர்கள். ஆசிரியரைப் பற்றிப் பிள்ளைக்கு முன்னால் இழிவாகப் பேசாதீர்கள். குறையிருந்தால் நேரில் சென்று மரியாதையோடு பேசுங்கள். ஆசிரியருக்கு நன்றி சொல்ல ஒக்டோபர் வரை காத்திருக்கவும் வேண்டாம். என் பிள்ளை நேற்று நீங்கள் சொன்னதை வீட்டில் வந்து சொன்னது என்று வழியிற் கண்டபோது சொல்லுங்கள். அது பூமாலையைவிட அவரைத் தாங்கும்.

மறைக்கல்வி ஆசிரியர்களே, தெயோகிராசியாசைப்போல அலுத்துப்போன உங்களிடம் திருச்சபை பெரிய பேச்சை எதிர்பார்க்கவில்லை. வரும் ஞாயிறு வகுப்பில் வாய் திறவாத ஒரு பிள்ளைக்கு அருகில் போய் இருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பாடத் தெரியுமா என்று கேளுங்கள். அதுவும் தெரியாவிட்டால் வேறொன்றைக் கேளுங்கள். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த ஒன்று நிச்சயம் உண்டு, ஏனெனில் அதைப் படைத்தவர் வெறுங்கையோடு யாரையும் அனுப்புவதில்லை.

சீடர்களின் பாதங்களைக் கழுவியபின்னரே, போதகர் என்று நீங்கள் என்னை அழைப்பது சரிதான் என்று ஆண்டவர் ஏற்றுக்கொண்டதை அருளப்பர் எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பட்டத்துக்கு உரியவர், தமக்குக் கீழே இருப்பவனின் முன்னால் குனிந்தவர். கடைசி வாங்கில் தலை குனிந்திருக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவேண்டுமானால் நாமும் கொஞ்சம் குனியத்தான் வேண்டும். அதற்கான தாழ்ச்சியையும் பொறுமையையும் எமது ஆசிரியர்கள் எல்லோருக்கும், பெற்றோர் எல்லோருக்கும் இறைவன் அருள்வாராக. எமக்கு எழுத்துச் சொல்லித் தந்து இறைவனடி சேர்ந்த ஆசிரியர்களை இவ்வாரத் திருப்பலியில் பெயர் சொல்லி நினைப்போம். ஆமென்.